தெரிந்த வீதியில் வழி தவறுவது: அல்சைமரின் தொடக்கத்தில் மூளைக்குள் என்ன நடக்கிறது?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியில் நின்று கோட்டைப் பக்கம் பார்த்தால் கடல் உங்கள் இடக்கைப் பக்கம். அப்படியே தெஹிவளைப் பக்கம் திரும்பினால் அதே கடல் வலக்கைப் பக்கம். கடல் எங்கேயும் போகவில்லை, திரும்பியது நீங்கள்தான், இது உங்களுக்கு யோசிக்காமலே விளங்குகிறது. இப்படி விளங்குவதற்கு மூளையில் நாலைந்து இடங்கள் ஒன்றோடொன்று ஓயாமல் தகவல் பரிமாற வேண்டும். அல்சைமர் நோய் முதலில் கை வைக்கும் இடங்களில் பல இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

அல்சைமர் என்றதும் பெயர் மறப்பது, சாவியைத் தேடுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, இவைதான் நமக்கு ஞாபகம் வரும். வழி தவறுவதெல்லாம் நோய் முற்றிய பிறகு, ஆள் வீட்டைவிட்டு எங்கேயோ போய்விடுகிற கட்டத்தில் வருவது என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தொடக்கத்திலேயே வருகிறது, சிலருக்கு ஞாபகக் குறை வெளியே தெரியும் முன்பே வருகிறது. வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். ஏன் படுவதில்லை என்பதற்கும் மூளைக்குள்ளேயே ஒரு காரணம் உண்டு. அது விளங்கினால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும், ஆகவே கொஞ்சம் பொறுமையாக உள்ளே போவோம்.

முதலில் எலி. 1971 இல் லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் ஜோன் ஓ'கீஃப், ஜொனதன் டொஸ்ட்ரோவ்ஸ்கி என்ற தன் மாணவரோடு சேர்ந்து, எலியின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குள் மெல்லிய மின்வாய்களை இறக்கி, எலி நடமாடும்போதே நரம்புக் கலங்களின் துடிப்பைத் தனித்தனியாகப் பதிவு செய்தார். ஹிப்போகாம்பஸ் என்பது காதுக்கு நேர் உள்ளே, மூளையின் அடிப்பக்கமாக இருபுறமும் கிடக்கும் சுருண்ட பகுதி; புதிய ஞாபகங்கள் உருவாக அது வேண்டும் என்பது அப்போதே தெரியும். ஓ'கீஃப் கண்டது வேறொன்று. ஒரு கலம், எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போனால் மட்டும் துடித்தது. இன்னொன்று சுவர் ஓரத்தில் ஒரு புள்ளிக்கு வந்தால் மட்டும். ஒவ்வொரு கலத்துக்கும் ஓரிடம், எல்லாக் கலங்களையும் சேர்த்துப் பார்த்தால் எலி இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். இவற்றுக்கு இடக் கலங்கள் என்று பெயர்.

சரி, அந்தக் கலத்துக்கு "இதுதான் அந்த மூலை" என்று யார் சொல்வது? இதற்கு விடை கிடைக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 2005 இல் நோர்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரின் குழு, ஹிப்போகாம்பஸுக்கு வாசலாக இருக்கும் என்டோரைனல் புறணி என்ற பகுதியில் பதிவு செய்தபோது, விசித்திரமான கலங்கள் அகப்பட்டன. அங்கே ஒரு கலம் ஓரிடத்துக்கு மட்டும் துடிக்கவில்லை, தரை முழுக்கப் பல இடங்களில் துடித்தது, அந்த இடங்களைப் புள்ளி வைத்துப் பார்த்தால் ஒழுங்கான அறுகோணிகளாக விழுந்தன. அறை முழுவதற்கும் யாரோ கணித வகுப்பு வரைபுத்தாளை விரித்துவிட்டது மாதிரி, சதுரத்துக்குப் பதிலாக அறுகோணம், அவ்வளவுதான் வித்தியாசம். இவை கட்டக் கலங்கள். 2014 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஓ'கீஃபுக்கும் மோசர்களுக்கும் போனது இதற்காகத்தான். மனிதரிலும் இவை இருப்பது, வலிப்பு நோய்க்காக மூளைக்குள் மின்வாய் வைத்த நோயாளிகளில் 2013 இல் நேரடியாகப் பதிவானது.

கட்டக் கலங்களின் பெரிய பயன் என்ன என்றால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோதும் நீங்கள் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நகர்ந்தீர்கள் என்று கணக்கு வைக்க உதவுவது. மின்வெட்டு இரவில் கட்டிலிலிருந்து எழும்பி, மேசையைச் சுற்றி, குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அதே வழியில் இல்லாமல் நேரே குறுக்காகக் கட்டிலுக்கு வந்து சேர்கிறீர்களே, அந்தக் கணக்கு. ஒவ்வொரு அடிக்கும் சிறு பிழை சேரும், கதவு நிலையைக் கை தொட்டால் பிழை திருத்தப்படும், மறுபடி கணக்கு தொடரும்.

இந்த வேலைக்கு வேறு துணைகளும் உண்டு. தலை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதற்கு மட்டும் துடிக்கும் கலங்கள், சுவர், கரை மாதிரி எல்லை ஒன்று பக்கத்தில் வந்தால் துடிக்கும் கலங்கள். இரண்டாவதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது அந்தக் கடல் விஷயம். மூளையில் இடத்தைப் பற்றிய அறிவு இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று என் உடம்பை வைத்து: எனக்கு இடப்பக்கம், எனக்கு முன்னால். இதைப் பெரும்பாலும் மண்டையின் பின்மேல் பக்கத்து மூளைப் பகுதி பார்த்துக்கொள்கிறது. மற்றது என்னைச் சாராதது: சந்தைக்கு மேற்கே கடல், தாமரைக் கோபுரம் வெள்ளவத்தைக்கு வடக்கே, நான் எங்கே நின்றாலும் அது மாறாது. இது ஹிப்போகாம்பஸ் பக்கத்து வேலை. இரண்டையும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற ஒரு இடைத்தரகர் வேண்டும்; மூளையின் நடுக்கோட்டில், பின்பக்கமாக இருக்கும் ரெட்ரோஸ்பிளீனியல் புறணி அந்த வேலையில் முக்கியமானது.

அது போனால் என்ன ஆகும் என்பதை ஜப்பானில் ஒரு டாக்சி ஓட்டுநர் காட்டிவிட்டார். 1997 இல் வெளியான மருத்துவ அறிக்கை அது. அந்தப் பகுதியில் இரத்தக்கசிவு ஏற்பட்ட அந்த மனிதர், தன் சொந்த ஊரில் டாக்சி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வழி தெரியாமல் போனார். கட்டடங்களை எல்லாம் அடையாளம் தெரிந்தது. தான் எங்கே நிற்கிறேன் என்பதும் தெரிந்தது. ஆனால் அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது மட்டும் பிடிபடவில்லை. "இது நம்ம இடம்தானே, தெரியாதா?" என்று வீட்டில் கேட்பவர்கள் இந்த ஆளை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம். இடம் தெரிவது வேறு, அங்கிருந்து வழி தெரிவது வேறு.

இனி நோய். 1906 இல் ஜேர்மன் வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர், இறந்துபோன தன் நோயாளி ஒருவரின் மூளையில் கண்ட இரண்டு விஷயங்களைப் பற்றிப் பேசினார்: கலங்களுக்கு வெளியே படிவுகள், கலங்களுக்கு உள்ளே நார்ச் சிக்குகள். படிவுகள் அமிலோயிட் என்ற புரதத்தால் ஆனவை, சிக்குகள் டௌ என்ற புரதத்தால் ஆனவை என்பது பிற்காலத்தில் தெரிய வந்தது. செய்திகளில் அமிலோயிட்தான் அதிகம் அடிபடுகிறது, ஆனால் நம் விஷயத்துக்கு டௌ முக்கியம், ஏனென்றால் அது பரவும் வரிசை. ஹைக்கோ பிராக், ஈவா பிராக் என்ற இரண்டு ஜேர்மன் ஆய்வாளர்கள், இறந்தவர்களின் 83 மூளைகளை வெட்டிப் பார்த்து 1991 இல் இதை ஆறு கட்டமாக வகுத்தார்கள். முதல் இரண்டு கட்டங்களில் சிக்குகள் இருப்பது என்டோரைனல் புறணியிலும் அதன் விளிம்பிலும். அடுத்த இரண்டில் ஹிப்போகாம்பஸும் சுற்றியுள்ளவையும். கடைசி இரண்டில்தான் மூளையின் மேற்பரப்பு முழுவதும்.

மேலே சொன்ன வரைபுத்தாள் இருக்கும் அதே வாசல்தான் நோய் முதலில் நுழையும் வாசலும்.

அழிவின் அளவும் சின்னதல்ல. 1996 இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் மிக இலேசான கட்டத்தில் இருந்தபோதே இறந்தவர்களின் மூளையில், என்டோரைனல் புறணியின் இரண்டாம் அடுக்கில் கிட்டத்தட்ட 60 வீதமான நரம்புக் கலங்கள் ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தன. ஹிப்போகாம்பஸுக்குத் தகவல் அனுப்பும் பெரிய பாதை புறப்படுவதே அந்த அடுக்கிலிருந்து. வெளியே பார்த்தால் "கொஞ்சம் மறதி", உள்ளே பார்த்தால் வாசலில் பாதிக்கு மேல் போய்விட்டது. ரெட்ரோஸ்பிளீனியல் பக்கமும் தப்புவதில்லை; மூளை சீனியை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில், ஆரம்ப நோயாளிகளிடம் அதுவும் அதையொட்டிய பகுதியும் மங்கித் தெரிவது 1990களிலேயே கவனிக்கப்பட்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வயது போகப் போக என்டோரைனல் புறணியில் கொஞ்சம் டௌ சேர்வது நிறையப் பேருக்கு நடக்கிறது, அவர்கள் எல்லோருக்கும் அல்சைமர் வருவதில்லை. இதை வாசித்துவிட்டு இன்றைக்கே தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

டௌவுக்கும் கட்டக் கலங்களுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது தற்செயலா? நியாயமான கேள்வி. 2017 இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், என்டோரைனல் புறணியில் டௌ சேரும்படி உருவாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு வயதாக விட்டுப் பதிவு செய்தார்கள். கட்டக் கலங்களின் ஒழுங்கு குலைந்திருந்தது, அந்த எலிகள் இடத்தை ஞாபகம் வைப்பதிலும் தடுமாறின. மனிதரில் 2019 இல் கேம்பிரிட்ஜ் குழுவொன்று செய்தது எனக்கு மிகப் பிடித்த சோதனை. மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உண்மையிலேயே நடக்க வேண்டும்: ஒரு புள்ளி, அங்கிருந்து அடுத்தது, அங்கிருந்து மூன்றாவது, பிறகு முதல் புள்ளி இருந்த இடத்துக்கு அடையாளம் எதுவும் இல்லாமல் திரும்பி வர வேண்டும். ஒரு முக்கோணியின் கடைசிப் பக்கம், அவ்வளவுதான். இலேசான ஞாபகக் குறை உள்ளவர்களில் யாருக்கு முள்ளந்தண்டு நீரில் அல்சைமரின் அடையாளங்கள் இருந்தனவோ அவர்கள், அந்த அடையாளம் இல்லாதவர்களைவிட அதிகம் தவறினார்கள். இரு சாராரையும் பிரித்துக் காட்டுவதில், வழக்கமான கடதாசி பென்சில் சோதனைகளைவிட இந்த நடை நன்றாக வேலை செய்தது.

இன்னும் முன்னே போனவர்களும் உண்டு. அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஈ4 என்ற பரம்பரையலகு வகையைக் கொண்ட 18 முதல் 30 வயது வரையான ஆரோக்கியமான இளைஞர்களை எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் ஒரு கணினி நிலப்பரப்பில் நடக்கவிட்டார்கள், ஜேர்மனியில், 2015 இல். கட்டக் கலங்களின் சாயல் அவர்களில் மங்கலாக இருந்தது. வேலையை மற்றவர்கள் மாதிரியே செய்து முடித்தார்கள், ஆனால் திறந்த நடுப்பகுதியைத் தவிர்த்து ஓரமாகப் போனார்கள். முதுமை மறதி ஆய்வுக்காகவே 2016 இல் வெளியிடப்பட்ட சீ ஹீரோ குவெஸ்ட் என்ற கைபேசி விளையாட்டை 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விளையாடினார்கள்; அதை வைத்து 2019 இல் வந்த ஆய்விலும், ஐம்பது வயதைக் கடந்த, ஞாபகச் சோதனைகளில் எந்தக் குறையும் இல்லாத ஏபிஓஈ4 காரர்கள் ஓரத்தை ஒட்டிப் போகும் போக்கைக் காட்டினார்கள். நடுவில் கணக்கு தவறும், ஓரத்தில் எல்லை வழிகாட்டும். இந்தப் பரம்பரையலகு இருந்தால் நோய் நிச்சயம் என்றில்லை, இல்லாவிட்டால் வராது என்றுமில்லை; வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவே.

இதை வாசித்தபோது எனக்குக் கொழும்பின் அமைப்பு ஞாபகம் வந்தது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, எல்லாம் கடலோரமாக ஒரு நீண்ட பட்டை. நீளவாக்கில் காலி வீதி, அதற்குச் சமாந்தரமாக ரயில் பாதை, அதற்கப்பால் கடல், குறுக்கே ஒழுங்கைகள். வழி சொல்லும்போதே "கடல் பக்கமா, மற்றப் பக்கமா" என்றுதான் கேட்கிறோம். உள்ளிருக்கும் வரைபடம் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது: தொலைந்தால் வாகனச் சத்தம் கேட்கும் பக்கம் நட, காலி வீதி வந்தால் 100 அல்லது 101 பஸ்ஸைப் பிடி. இது ஆய்வு சொன்னதல்ல, என் ஊகம். ஆனால் இப்படி ஓர் ஊரில் குறை வெளியே தெரிய நாளெடுக்கும் என்றுதான் நினைக்கிறேன். புறக்கோட்டையில், ஒன்றைப் போலவே மற்றது இருக்கும் குறுக்குத் தெருக்களுக்குள், சன நெரிசலில் வானம்கூடச் சரியாகத் தெரியாத இடத்தில், அதே ஆள் உடனே மாட்டிக்கொள்வார்.

குறை மறைந்திருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் பழக்கம். நாள்தோறும் போய்வரும் வழிக்கு வரைபடமே தேவையில்லை. பேக்கரி வந்தால் இடப்பக்கம், கோயில் மதில் முடிந்தால் வலப்பக்கம் என்று ஒரு வரிசையாக உடம்பு கற்றுவைத்திருக்கும், அதை மூளையின் ஆழத்தில் இருக்கும் கோடேட் என்ற வேறொரு பகுதி நடத்துகிறது. அல்சைமர் அந்தப் பக்கம் பெரிதாகப் போவது பிந்தித்தான். ஆகவே அம்மா சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு ஒழுங்காக வீட்டுக்கு வந்துவிடுகிறார், எல்லோருக்கும் நிம்மதி. ராமகிருஷ்ண வீதி முனையில் தோண்டிப்போட்டு மறித்திருக்கும் அன்றைக்குத்தான், பக்கத்து ஒழுங்கையால் சுற்றி வரத் தெரியாமல், அரை மணித்தியாலம் காலி வீதியிலேயே நிற்பார்.

இதற்கும் லண்டனில் ஒரு நல்ல சான்று. அங்கே டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 25,000 வீதிகளை மனப்பாடம் செய்ய வேண்டும். அப்படிப் படித்த ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரியது என்று 2000 ஆம் ஆண்டில் எலினோர் மக்வயரின் குழு காட்டியது பலருக்குத் தெரிந்திருக்கும். அதே மக்வயர் 2006 இல் இன்னொரு ஓட்டுநரைப் பற்றி எழுதினார். அவருக்கு அல்சைமர் இல்லை, மூளை அழற்சி ஒன்றால் இருபக்க ஹிப்போகாம்பஸும் கெட்டுப்போயிருந்தது. கணினிக்குள் அமைத்த லண்டனில் அவரை ஓட்டவிட்டார்கள். பெரிய வீதிகளில் பிரச்சினையே இல்லை. பெரிய வீதியை விட்டு உள் வீதிக்குள் இறங்க வேண்டிய வழி என்றால், ஆள் தொலைந்தார். நம் ஊரில் சொன்னால், காலி வீதி இருக்கிறது, ஒழுங்கைகள் போய்விட்டன.

பழைய ஊர், புதிய ஊர் விஷயமும் இதோடு சேர்ந்தது. 1999 இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த அறிக்கை: மூளை அழற்சியால் ஹிப்போகாம்பஸ் பகுதி முற்றாகச் சேதமான முதியவர் ஒருவர், சிறுவயதில் வளர்ந்த ஊரில் எங்கிருந்து எங்கே போக எந்த வழி, அந்த வழி மூடியிருந்தால் எந்த மாற்று வழி என்று பிசகில்லாமல் சொன்னார், நோய்க்குப் பிறகு குடிவந்த வீட்டைச் சுற்றி ஒரு வீதிகூட அவருக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஐம்பது வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகள் கூப்பிட்டு வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு வந்த அப்பா, கே.கே.எஸ். வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைகளை வரிசையாகச் சொல்கிறார் என்பதற்காக "ஞாபகம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று முடிவு கட்ட முடியாது. லிஃப்டை விட்டு இறங்கி எந்தப் பக்கக் கதவு என்று தடுமாறுகிறாரா என்பதே பார்க்க வேண்டியது. ஒரே மாதிரியான மாடிகள், ஒரே மாதிரியான கதவுகள் நல்ல மூளைக்கே சங்கடம், ஆகவே வந்த புதிதில் தடுமாறுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மாதக்கணக்கில் பழகியும் படியாவிட்டால் யோசியுங்கள்.

அப்படியென்றால் கவனிக்க வேண்டியது எது? வழமையான வழி சரியாக வருகிறதா என்பதல்ல. அந்த வழி மாறும்போது என்ன நடக்கிறது என்பது. வேறு பஸ் தரிப்பிடத்தில் இறக்கிவிட்டால் வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று கையைக் காட்ட முடிகிறதா, போன வழியைத் திருப்பிப் போட்டு வர முடிகிறதா, குறுக்கு வழி எடுத்தவர் இப்போதெல்லாம் சுற்றினாலும் பெரிய வீதியாலேயே போகிறாரா. சிலர் தடுமாற்றத்தை வெளிக்காட்டாமல் வெளியே போவதையே குறைத்துக்கொள்வார்கள், முழங்கால் வலி என்பார்கள், வெயில் என்பார்கள், பக்கத்துக் கடைக்கும் திரீவீலர் என்பார்கள். முழங்கால் உண்மையிலேயே வலிக்கவும் கூடும், அதுதான் இதில் உள்ள சிக்கல். புறக்கோட்டையில் ஒரு நாள் வழி தவறியதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, அங்கே எல்லோரும்தான் தவறுகிறோம். பிறந்ததிலிருந்தே திசை தெரியாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் எழுபதிலும் அப்படியேதான் இருப்பார்கள். முன்பு நன்றாக வழி தெரிந்தவர் மாறுவதுதான் செய்தி.

மாற்றம் இருந்தாலும் உடனே அல்சைமர் என்று பெயர் வைக்காதீர்கள். கண்ணில் வெண்படலம், விற்றமின் பி12 குறைவு, தைரொயிட், மனச்சோர்வு, நித்திரைக் குளிசை, தெரியாமல் வந்துபோன சிறிய பாரிசவாதம், எல்லாமே இப்படித் தடுமாற வைக்கலாம், இவற்றில் சில மருந்தால் சரியாகக்கூடியவை, அதனாலேயே வைத்தியரைப் பார்ப்பது பிரயோசனமானது. முதலில் குடும்ப வைத்தியர், அவர் தேவை என்றால் தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக் மாதிரி ஓர் இடத்துக்கு அனுப்புவார்.

அங்கே பெரும்பாலும் முதலில் செய்வது 30 புள்ளிக்கான ஒரு சிறிய சோதனை: இன்று என்ன திகதி, இது எந்த ஊர், எந்த மாடி, மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுப் பிறகு கேட்பது, இரண்டு ஐங்கோணிகளைப் பார்த்து வரைவது. இடத்தின் பெயரைக் கேட்பார்கள், அங்கிருந்து வழியைக் கேட்கமாட்டார்கள். ஆகவே "அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்காமல், எந்த வீதியில், எந்தத் திருப்பத்தில், அன்றைக்கு என்ன மாறியிருந்தபோது தடுமாறினார், கடைசியில் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று இரண்டு மூன்று சம்பவங்களைத் திகதியோடு எழுதிக்கொண்டு போங்கள்.